நட்டவர் பெயர் தெரியவில்லை

கடலூர்
12.2.2011

அன்புள்ள மச்சான் ராஜவேலுக்கு மாமா ராபர்ட் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் ஆண்டவர் தயவில் சுகம். என் காது மட்டும் சுகமில்லை, அது இனி சுகமாகவும் போவதில்லை. அங்கே நீ, தமிழினி, சிந்துஜா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் அக்கா ஜெயராணியிடம் செல்போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்கு மையைச் செலவழிக்கிறான் என்று நினைப்பாய். ஆயுசில் பாதியை மில் பாய்லர் பக்கத்தில் கழித்தவனுக்குப் போனில் என்ன கேட்கும்? உன் அக்கா பேசும்போது வாயசைவைப் பார்ப்பேன். "நல்லா இருக்கியா, நல்லா இருக்கோம், வச்சிடட்டா." அவ்வளவுதான் உங்கள் அக்கா தம்பி பாசம். எனக்கு அது போதாது.

விஷயத்துக்கு வருகிறேன். கெடிலக்கரையில் நம் ஒதியங்காட்டை இனிக் காடாகவே வைத்துக் காப்பாற்றப் போகிறார்களாம். நகர்ப்புற வனக் காப்பிடம் என்று பெயர். வேலி, நடைபாதை, பெஞ்சு, பறவைப் படம் போட்ட பலகை எல்லாம் வரப்போகிறது. காலனி இடுகாட்டுக்கு வந்த வாழ்வைப் பார்த்தாயா! ஆற்றுக்கு அக்கரையில் புது இடம் ஒதுக்கிய பிறகு இங்கே யாரையும் புதைப்பதில்லை, ஆளும் போவதில்லை. தலைமாட்டில் நட்ட கிளைப் போத்தெல்லாம் தன் போக்கில் வளர்ந்து, இப்போது ஊர்க்காரர்கள் காற்று வாங்கும் காடாகிவிட்டது.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் சிமெண்டுச் சிலுவை வைப்பார்கள். உங்கள் சனத்துக்குக் கல் வைக்க வக்கும் இல்லை, வைத்தாலும் பெயர்த்துப் போட்டுவிடுவார்கள் என்ற பயம் வேறு. அதனால் ஆணுக்கு ஒதியன், பெண்ணுக்குப் பூவரசு. மகன்தான் நட வேண்டும். மாமனார் கண்ணாயிரம் போனபோது நீ அரைக்கால் டவுசரோடு உன்னைவிட உயரமான ஒதியம் போத்தைத் தோளில் சுமந்து வந்ததை, கல்யாணமான புதிதில் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உன் அம்மாவுக்குப் பூவரசும் நீதான் நட்டாய். சிமெண்டைவிட இதுதான் மேல் என்று அன்றே எனக்குத் தோன்றியது.

குழுத் தலைவர் சுப்பிரமணியன். ஆற்றோரத் தெருவில் பெரிய வீடு, ரிட்டயர்டு இன்ஜினியர். தாவரம் படித்த பேராசிரியர் ஒருவரை அண்ணாமலை நகரில் தேடுகிறார்களாம். உன் பெயர் அடிபடுகிறது. அதைக் கேட்டதிலிருந்து உன் அக்கா அடுப்படிக்கும் வாசலுக்கும் நடையாய் நடக்கிறாள். "அப்பா மரத்துக்கு வேலி வருது, அதுவும் எந்தம்பி கையால வருது" என்று என் முகத்துக்கு நேரே நின்று சொல்லிவிட்டுப் போகிறாள். சோறு வடிக்க மறந்து இன்று குழைந்துவிட்டது.

தபால்காரர் நம் தெருவை மறப்பதற்குள் பதில் போடு.

உன் மாமா,
ராபர்ட்


அண்ணாமலை நகர்
3.3.2011

மதிப்பிற்குரிய மாமாவுக்கு ராஜவேல் வணக்கம். நாங்கள் நலம். தங்கள் நலத்தையும் அக்காவின் முழங்கால் வலி எப்படி உள்ளது என்பதையும் அறிய ஆவல்.

தாங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். குழுவினர் நேரில் வந்து கேட்டார்கள், ஒப்புக்கொண்டேன். மர வகைகளைக் கணக்கெடுப்பதோடு, பலகையில் எழுத வேண்டிய வரலாற்றுக் குறிப்பையும் பார்வையாளர் விதிகளையும் நானே தயாரித்துத் தர வேண்டும்.

ஒரு வேண்டுகோள். அந்த இடத்துக்கும் நமக்கும் உள்ள தொடர்பை இப்போதைக்கு யாரிடமும் பேச வேண்டாம். ஆலோசகருக்குச் சொந்த விருப்பு வெறுப்பு இருக்கிறது என்று யாராவது கிளப்பினால் காரியம் கெட்டுவிடும். சிந்துஜாவுக்கு இப்போதுதான் வரன் பேசத் தொடங்கியிருக்கிறோம். அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள்,
ராஜவேல்


கடலூர்
20.5.2011

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே வெயிலைத் தவிர எல்லோரும் மிதமாக இருக்கிறோம். அங்கே குவார்ட்டர்ஸில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

நீ சொன்னதை அக்காவிடம் சொன்னேன். பக்குவமாகத்தான் சொன்னேன். "அவன் சொன்னா காரணம் இருக்கும்" என்றாள். எனக்குத்தான் ஒரு காரணமும் பிடிபடவில்லை. ஆலோசகர் என்கிறாய், சரி. இடுகாட்டுக்கும் வரனுக்கும் என்ன முடிச்சு? உன்னிடம் கேட்காமல் நான் யாரிடம் கேட்பது?

ஒதி பெருத்தால் உத்தரமாகுமா என்று ஊரே கேலி செய்த மரம். அதற்கு விஞ்ஞானப் பெயர் எழுதித் தகரம் அடித்து மாட்டியிருக்கிறீர்கள். நேற்றுப் பார்த்தேன், என்னால் வாசிக்க முடியவில்லை. மாமனார் பார்த்திருந்தால் "ஏண்டா, என் மரத்துக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டீங்களா" என்று என்னைத்தான் கிண்டல் செய்திருப்பார்.

உன் அக்கா ஒன்றே ஒன்று கேட்கிறாள். பலகையில் கடைசியிலாவது ஒரு வரி. இது காலனி ஜனங்கள் தங்கள் செத்தவர்களுக்காக நட்ட மரம் என்று. பெயர்கூட வேண்டாமாம். அவள் கேட்டு உன்னிடம் இதுவரை எதுவும் வாங்கியதில்லை, நீ படிக்க அவள் கொடுத்ததோடு சரி.

பதிலுக்குக் காத்திருக்கும்,
ராபர்ட்


கடலூர்
18.7.2011

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் சுகம். மே மாதம் போட்ட கடிதம் உனக்குக் கிடைக்கவில்லை போலும். தபால் இலாகாவைத் திட்டிக்கொண்டிருந்தேன், நேற்றிலிருந்து விட்டுவிட்டேன்.

நேற்று திறப்பு விழாவுக்கு நாங்களும் வந்திருந்தோம். பந்தலின் கடைசி வரிசை. வெள்ளைச் சட்டையில் கம்பீரமாக இருந்தாய். உன் பேச்சு முழுவதும் உன் உதட்டையே பார்த்தேன். மைக் மறைத்துவிட்டது. "என்ன சொன்னான்?" என்று உன் அக்காவைக் கேட்டேன். "நல்லா பேசுனான்" என்றாள். வீட்டுக்கு வந்து மறுபடி கேட்டேன். "நல்லாத்தான் பேசுனான்" என்றாள். அதற்கு மேல் அவள் வாய் அசையவில்லை.

பண்ருட்டிப் பலாச்சுளை உனக்குப் பிடிக்கும் என்று தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் நீ எங்கள் பக்கம் பார்த்தது போல இருந்தது. அவள் கையைத் தூக்கினாள். அதற்குள் சுப்பிரமணியன் காருக்குள் ஏறிவிட்டாய். வாளி போனபடியே திரும்பி வந்தது. சுளைகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்றார்கள்.

காது போனால் என்ன, கண் இருக்கிறது. எல்லோரும் போன பிறகு பலகையை நின்று வாசித்தேன். "இம்மரங்களை நட்டவர் பெயர் தெரியவில்லை. ஆங்கிலேயர் காலத்து அதிகாரி ஒருவரின் தோட்டமாக இது இருந்திருக்கலாம். மரங்களின் சீரான வரிசையே இதற்குச் சான்று."

மச்சான், நட்டவர் பெயர் தெரியவில்லையாம். உனக்காவது தெரியுமா?

தமிழினிக்கும் சிந்துஜாவுக்கும் எங்கள் ஆசி.

ராபர்ட்


அண்ணாமலை நகர்
9.8.2011

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நலம். தங்கள் நலமறிய ஆவல். விழா நாளில் தங்களைச் சந்திக்க முடியாமல் போனதற்கு வருந்துகிறேன். விருந்தினர்களை உடனே அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. அக்கா வந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

நான் பேசியது மரங்கள் பற்றியும் பறவைகள் பற்றியும்தான். விசேஷமாக ஒன்றுமில்லை.

பலகையில் உள்ள வாசகம் குழுவின் பொதுக் கருத்து. எழுத்துப்பூர்வமான ஆதாரம் இல்லாத எதையும் நாங்கள் எழுத முடியாது. தாங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன். சிந்துஜாவின் சம்பந்தம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

தங்கள்,
ராஜவேல்


கடலூர்
2.10.2011

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன்.

வனத்தைப் பற்றி ஒரு சந்தேகம். விதிகளை எழுதியவன் நீ என்பதால் கேட்கிறேன். புரட்டாசி அமாவாசையன்று யாரோ ஒரு அம்மா சூடமும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள். வாட்ச்மேன் சடையப்பன் மறித்துவிட்டான். பாவம், அவன் நல்லவன். "உள்ள சூடம் ஏத்தக் கூடாதும்மா, படையல் வைக்கக் கூடாது, ரூல் போட்டிருக்காங்க. உட்டா எனக்கு வேலை போயிடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். ஓட்டப்பயிற்சிக்கு வந்தவர்கள், செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். அந்த அம்மா வேலிக்கு வெளியே தரையில் சூடத்தை வைத்து ஏற்றினாள். காற்று அடித்துக்கொண்டே இருந்தது, அணைந்து அணைந்து போயிற்று. அப்புறம் முந்தானையால் மறைத்துக்கொண்டு ஏற்றினாள்.

அமாவாசைக்கு ஒரு நாளாவது இந்த விதியைத் தளர்த்த முடியுமா? கேட்டுச் சொல்.

ராபர்ட்


அண்ணாமலை நகர்
21.10.2011

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். மழைக்காலம், அக்காவை ஈரத்தில் நடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தாங்கள் கேட்ட விதி மிகவும் அவசியமானது. காய்ந்த சருகுகளில் தீப்பற்றும் அபாயம் உண்டு. மேலும் ஒருவரை அனுமதித்தால் பலரும் வருவார்கள், காப்பிடத்தின் தன்மையே மாறிவிடும். அந்த அம்மாவோடு தங்களுக்குப் பழக்கம் இருந்தால், வீட்டிலேயே படைத்துக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லலாம். அப்படிப்பட்டவர்களுக்கு நாம்தான் பொறுமையாகப் புரியவைக்க வேண்டும்.

தீபாவளிக்கு வர இயலாது. மன்னிக்கவும்.

தங்கள்,
ராஜவேல்


கடலூர்
9.1.2012

அன்புள்ள மச்சானுக்கு,

உயிர் இருக்கிறது, கூரையில் ஓடு இல்லை. தானே புயல் எங்களையும் விசாரித்துவிட்டுத்தான் போயிற்று. கரண்டு இன்னும் வரவில்லை. குடிதண்ணீருக்கு லாரி வருகிறது. சிதம்பரத்தில் நீங்கள் எல்லோரும் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தவர் மூலம் தெரிந்துகொண்டோம். அதுவே போதும்.

ஒதியங்காட்டைச் சொல்கிறேன். பாதிக்கு மேல் போய்விட்டது. ஒதியன் மெத்தென்ற மரம்தானே, நடுவில் முறிந்து நிற்கிறது. மாமனார் மரமும் அப்படித்தான். பக்கத்தில் இருந்த பூவரசு வேரோடு சாய்ந்துவிட்டது. யாருடையது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

போன புதன்கிழமை மரம் அறுக்க வந்த ஆட்கள் அந்த வேரில் எலும்பைக் கண்டு ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சேதி பரவிக் கூட்டம் கூடிவிட்டது. போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் முதலில் உங்கள் பலகையை வாசித்தார். "தொரை தோட்டம்னு போட்டிருக்கு. தோட்டத்துல எப்படிய்யா மண்டையோடு? யாரை யாரு கொன்னு பொதச்சாங்க?" என்று சடையப்பன் சட்டையைப் பிடித்தார். அவனுக்கு வாய் குழறிவிட்டது. சுப்பிரமணியன் அங்கேதான் நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உன் அக்கா கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து போனாள். முழங்கால் வலியை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. குழியருகே உட்கார்ந்துவிட்டாள். "அவர விடுங்கய்யா. யாரும் யாரையும் கொல்லல. இது எங்கம்மா. முத்தம்மா. அந்தா ஒடிஞ்சி நிக்கிறது எங்கப்பா. இந்தக் காடு பூரா எங்க சனந்தான்." இவ்வளவையும் அவள் உதட்டைப் பார்த்தே படித்தேன். காது கேட்கவில்லையே என்று என் ஆயுசில் அன்றுதான் அழுதேன்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், தொப்பியைக் கழற்றினார். எலும்புகளை என் துண்டில் சேர்த்து எடுத்து, அதே குழியில் வைத்து மூடினோம். கண்ணாடி வளையல் துண்டு ஒன்று பச்சை நிறம் மாறாமல் கிடந்தது. அதையும் உள்ளேயே வைத்தாள். "அம்மாவுக்கு மகன் இல்லியா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "இருக்கான் சார். செதம்பரத்துல பெரிய வேலை. பஸ்ஸு ஓடல" என்றாள்.

பஸ் ஓடவில்லை என்பது எங்களுக்கும் தெரியும், நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

ராபர்ட்


அண்ணாமலை நகர்
16.1.2012

அன்புள்ள மாமாவுக்கு,

தங்கள் கடிதம் கண்டேன். ஆமாம், பஸ் இல்லை. சாலை எங்கும் மரங்கள். எவ்வளவோ முயன்றேன்.

கூரைக்கு ஆள் ஏற்பாடு செய்கிறேன். அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ராஜவேல்


கடலூர்
24.1.2012

ராஜவேலுக்கு,

சுக விசாரிப்பு இந்த முறை வேண்டாம்.

அந்தப் புதன்கிழமை வேலிக் கேட்டருகே மோட்டார் பைக்கைச் சாய்த்துவிட்டு, மூக்கை மறைத்துக் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். நான் பார்க்கவில்லை. என் கண் முழுவதும் குழியருகே இருந்தது. உன் அக்கா பார்த்தாள். "அப்பா மாதிரியே ஒரு கால மடக்கி நின்னான், கைக்குட்டை கட்டுனா தெரியாதா" என்கிறாள். பார்த்த பிறகுதான், உன்னைப் பார்த்துக்கொண்டேதான், பஸ் ஓடவில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். கூப்பிட்டிருக்கலாமே என்று நான் சத்தம் போட்டேன். "கூப்புட்டு அவன் வரலன்னா?" என்று கேட்டாள்.

இன்னொன்று. புரட்டாசி அமாவாசைக்குச் சூடத்தோடு போன அந்த அம்மா யார் என்று நீ கேட்கவே இல்லை. கேட்பாய் என்றுதான் அப்படி எழுதினேன். அது ஜெயராணி. நானும் கூடத்தான் நின்றேன். உன் பெயரைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். உனக்குச் சங்கடம் வரும் என்று வாயை மூடிக்கொண்டு, பெண்டாட்டியைத் தரையில் உட்காரவிட்டு, வீட்டுக்கு வந்து அவளை "யாரோ ஒரு அம்மா" என்று எழுதினேன். உனக்கு மட்டும் வெட்கம் என்று நினைக்காதே. எனக்கும் இருக்கிறது. நாம் இரண்டு ஆம்பிளைகளும் சேர்ந்துதான் அவளை யாரோ ஆக்கினோம்.

உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். "பஸ் இல்லை" என்ற வரியைப் படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். இதற்கு நீ பதில் போட வேண்டாம். போடுவதானால் உண்மையைப் போடு.

ராபர்ட்


அண்ணாமலை நகர்
2.4.2012

மாமா,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இரண்டு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

மரங்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்து, கேட்டருகே நின்றது நான்தான். "மகன் இல்லியா" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. அக்கா சொன்ன பதிலும் விழுந்தது. ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். சுப்பிரமணியன் அங்கே நிற்கிறாரே என்று பார்த்தேன். அந்த எலும்புகளுக்கும் எனக்கும் நடுவே அவர் ஒருவர்தான் நின்றார் மாமா, வேறு யாரும் இல்லை. பைக்கைத் திருப்பிவிட்டேன். ஆலப்பாக்கம் வரை வந்து ரோட்டோரம் நிறுத்தினேன். வெட்கமாக இருந்தது. அதுவரை எங்கிருந்து வந்தேன் என்பதற்கு வெட்கப்பட்டவன், அன்று எப்படிப்பட்டவனாக ஆகிவிட்டேன் என்பதற்கு வெட்கப்பட்டேன்.

பலகையில் இருப்பது குழுவின் கருத்து இல்லை. ஒவ்வொரு எழுத்தும் நான் எழுதியது. சூடம் கூடாது என்ற விதியும் என்னுடையதுதான். சருகு, தீ எல்லாம் சாக்கு. விளக்கு எரிந்தால் அது இடுகாடு என்று தெரிந்துவிடும், இடுகாடு என்று தெரிந்தால் யாருடையது என்ற கேள்வி வரும், அந்தக் கேள்வி என்னிடம் வந்து நிற்கும். அதற்குப் பயந்து எழுதினேன். விழாவில் அக்கா கையைத் தூக்கியதையும் பார்த்தேன். வாளியையும் பார்த்தேன்.

போன சனிக்கிழமை கடலூர் வந்தேன். திருத்திய வாசகத்தை எடுத்துக்கொண்டு சுப்பிரமணியன் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். காபி கொடுத்தார்கள். குடிக்கவில்லை. "சார், அது இடுகாடு. எங்க சனத்தோட இடுகாடு. அங்க இருக்கிறது எங்கப்பா, எங்கம்மா. நட்டது நான்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். இடி விழும் என்று காத்திருந்தேன்.

அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "தெரியும் சார்" என்றார்.

"தெரியாம எப்படி சார்? இந்த வீட்டு வாசல் வழியாத்தான எல்லாப் பாடையும் போவும். ஒங்கப்பா எங்க கெணத்துல தூரு வாரியிருக்காரு. கண்ணாயிரம் மவன் பெரிய புரபசரா வந்திருக்காருன்னுதான் ஒங்களத் தேடி வந்ததே. நீங்க எழுதிக் குடுத்ததப் பாத்தோம். சரி, அது வெளிய தெரிய வேணாம்னு அவுரு நெனைக்கிறாரு போல, நாம கேட்டா சங்கடப்படுவாருன்னு கமிட்டில ஒருத்தரும் வாயத் தொறக்கல."

மாமா, கமிட்டி முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. விழா மேடையில் துரை தோட்டம் என்று நான் விளக்கியபோது, முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் என் மேல் பரிதாபப்பட்டுக்கொண்டு கைதட்டியிருக்கிறார்கள். இல்லாத ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காக அக்காவை வேலிக்கு வெளியே உட்காரவைத்தேன்.

வீட்டுக்கு வந்து சிந்துஜாவிடம் சொன்னேன். "மாப்பிள்ளை வீட்டுக்கு நான் மொதல்லயே சொல்லிட்டேம்பா. நீங்கதான் யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க" என்றாள்.

பலகையை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். சூடம் கூடாது என்ற விதியை எடுத்துவிட்டார்கள். அன்று சுப்பிரமணியன் வீட்டிலிருந்து உங்கள் தெருமுனை வரை வந்தேன். அக்கா வாசலில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிவிட்டேன். இதையும் எழுதிவிட்டேன், இனி மறைக்க ஒன்றும் பாக்கி இல்லை.

ராஜவேல்


கடலூர்
15.4.2012

அன்புள்ள மச்சானுக்கு மாமா ராபர்ட் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். புது ஓடு போட்டாயிற்று. அங்கே எல்லோரும் சுகமா? பழையபடி கேட்கிறேன், பழையபடி பதில் சொல்.

உன் கடிதத்தை உன் அக்கா நின்றபடியே படித்தாள். "தெருமுனை வரைக்கும் வந்தவன் காபி குடிச்சிட்டுப் போறதுக்கு என்ன" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வடாம் ஒரு டப்பாவில் போட்டு உன் பெயரை எழுதி வைத்திருக்கிறாள்.

உன் சங்கடத்துக்காகத்தான் வாயை மூடினார்கள் என்று அப்படியே நம்பிவிடாதே. இடுகாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றால் அவர்கள் மனையை யார் வாங்குவார்கள்? அவர்களுக்கும் அது சவுகரியமாகத்தான் இருந்தது. அதற்காக உன் பங்கு குறையாது. அது உன்னுடையது, வைத்துக்கொள்.

மாமனார் மரம் முறிந்த இடத்தில் துளிர்விட்டிருக்கிறது. ஒதியன் துளிர்க்காமல் வேறென்ன செய்யும், அதற்கு வேறு வேலை தெரியாது. அம்மா இடம்தான் மொட்டையாகக் கிடக்கிறது. சடையப்பன் பூவரசம் போத்து ஒன்று வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். நானே நடுகிறேன் என்றேன். "மவன் இருக்கையில நீங்க எப்படி நடுவீங்க" என்று உன் அக்கா பிடுங்கிக்கொண்டாள். கொல்லையில் தண்ணீர்க் குடத்தில் செருகி வைத்திருக்கிறாள். ரொம்ப நாள் தாங்காது.

பலகைக்கான புது வாசகத்தைக் குழுவினர் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார்கள். உன் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினார்கள். நட்டவர்களின் பெயர், யாருக்காக நட்டார்கள் என்ற பெயர், காலனியில் விசாரித்துச் சேர்த்தது எல்லாம் வரிசையாக வருகிறது. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவர்கள் போன பிறகு, நெடுநேரம் யோசித்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டாள். அவர்களிடம் கேட்க வெட்கமாக இருந்ததாம். எனக்கும் தெரியவில்லை, நீ படித்தவன், நீ சொல்.

அப்பா பெயருக்கு முன்னால் "திரு" என்று போடலாமா? போட்டால் யாராவது ஏதாவது சொல்வார்களா?

வரும்போது பதிலோடு வா.

உன் மாமா,
ராபர்ட்